வான்கூவர் குளிரில் ஓசனிச்சிட்டுக்கு என்ன கொடுப்பது?

தண்ணீர்மலை அம்மா, பினாங்கு

வணக்கம். மகள் வான்கூவரில் இருக்கிறாள், பேறுகாலத்துக்காக டிசம்பரில் போய் மார்ச் முடியும் வரை அங்கே இருப்பேன். அவள் வீட்டுத் தோட்டத்துக்கு ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) ஒன்று வருகிறது, போன வருஷம் பனி கொட்டும்போதுகூட வந்தது, அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே கேட்கவில்லை. பூவே இல்லாத இடத்தில் அவ்வளவு சின்ன உயிர் எதைக் குடிக்கும்? இந்த முறை பிள்ளைத்தாச்சியைக் குளிரில் வெளியே இறங்க விட மாட்டேன், நான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறேன். சீனித் தண்ணீர் என்ன அளவில் கலக்க வேண்டும்? தேன் கொடுத்தால் இன்னும் நல்லதா? நாம் தீனி வைத்தால் அது தெற்கே போகாமல் குளிரில் மாட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டிருந்தார், அது உண்மையா?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அக்கா, நான் சியாட்டலில் வேலை பார்த்தபோது இதே பறவைக்குப் புட்டி வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அந்தப் பயம் வேண்டாம். குளிர்காலத்தில் வான்கூவரில் வருவது அநேகமாக அன்னா ஓசனிச்சிட்டுதான், வருஷம் முழுக்க அங்கேயே வாழும் இனம். 2017-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை அந்த நகரத்தின் பறவையாகவே தேர்ந்தெடுத்தார்கள். முன்பு கலிஃபோர்னியாப் பக்கம் இருந்தது, வீடுகளில் பூச்செடியும் தீனிப் புட்டியும் பெருகப் பெருக வடக்கே ஏறி வந்துவிட்டது. மெக்சிகோ வரை வலசை போவது ரூஃபஸ் என்ற வேறு இனம், புட்டி தொங்குகிறது என்பதற்காக அதுவும் பயணத்தை நிறுத்தாது.

1 பங்கு வெள்ளைச் சீனிக்கு 4 பங்கு தண்ணீர். வேறு எதுவும் சேர்க்காதீர்கள். தண்ணீர் விட்ட தேன் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், பழுப்புச் சீனியிலும் குலா மலாக்கா வெல்லத்திலும் இருக்கும் இரும்பு அதன் உடம்புக்கு ஆகாது, சிவப்புச் சாயமும் தேவையில்லை, புட்டியில் எங்காவது சிவப்பு இருந்தாலே அது கண்டுபிடித்து வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் விடியற்காலை. குளிர் இரவில் இந்தப் பறவை உடம்புச் சூட்டை இறக்கிக்கொண்டு மயக்கம் போன்ற நிலைக்குப் போகும், பகலில் நிமிடத்துக்கு 1000 தடவைக்கு மேலும் துடிக்கக்கூடிய இதயம் அப்போது 50 வரை குறையும். நாலு ஐந்து கிராம்தான் மொத்த எடை, சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. எழுந்ததும் குடிக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துப் புட்டி கட்டியாக உறைந்து கிடந்தால் என்ன செய்யும் சொல்லுங்கள். இந்தக் கலவை -3 டிகிரி வாக்கில் உறைய ஆரம்பிக்கும். அதனால் இரண்டு புட்டி வாங்கி வையுங்கள், இருட்டியதும் உள்ளே எடுத்துவிட்டு வெளிச்சம் வருமுன் மாட்டிவிடுங்கள், பகலிலும் உறைகிற குளிர் என்றால் மாற்றி மாற்றி வைக்கலாம். டிசம்பர் கடைசியில் அங்கே விடிய எட்டு மணி ஆகும், மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், நீங்கள் அவ்வளவு சீக்கிரம் எழ வேண்டியிருக்காது. புட்டிக்குப் பக்கத்தில் பழைய குண்டு பல்ப் ஒன்று எரிய விட்டாலும் உறையாது. எல்இடி அதற்குப் போதுமான சூடு தராது.

மாடித்தோட்டம், பிரிக்ஃபீல்ட்ஸ்

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் புட்டியோடு நிறுத்திவிடாதீர்கள் அம்மா. சீனியில் புரதம் இல்லை, இந்தப் பறவை கொசு மாதிரி சின்னப் பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்றுதான் அதைத் தேடிக்கொள்கிறது. தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்க வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிலந்தி வலையைக் கண்டால் துடைக்கத்தான் நமக்குக் கை போகும், அதையும் விட்டுவிடுங்கள், கூடு கட்ட அந்த நூல்தான் வேண்டும், அன்னா இனம் பிப்ரவரியிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும். இடம் இருந்தால் மஹோனியா ஒன்று நடச் சொல்லுங்கள், நவம்பரிலிருந்து ஜனவரி வரை மஞ்சளாகப் பூக்கும் வகைகள் உண்டு, வேறு பூ இல்லாத காலத்தில் அது பெரிய உதவி. சசாங்குவா கமேலியாவும் நல்லது. மார்ச்சில் சிவப்புப் பூக்கும் கரண்ட் செடி அந்த மண்ணுக்கே உரியது, நீங்கள் திரும்புவதற்குள் பார்த்துவிடலாம்.

பாயான் லெப்பாஸ் தம்பி

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் கொண்டோ பால்கனிக்குத் தேன்சிட்டு வருகிறது, அதற்கும் இப்படிப் புட்டி வைக்கலாமா?

மாடித்தோட்டம், பிரிக்ஃபீல்ட்ஸ்

வேண்டாம் தம்பி. நம் ஊரில் வருஷம் முழுக்கப் பூ இருக்கிறது, இந்த வெயிலில் சீனித் தண்ணீர் வெகு சீக்கிரம் கெட்டுவிடும், எறும்பு வேறு. செம்பருத்தி, இட்லிப்பூ, இடம் இருந்தால் ஹெலிகோனியா வையுங்கள். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும், அதனால் கொம்பு உறுதியான செடியாகப் பாருங்கள்.

தண்ணீர்மலை அம்மா, பினாங்கு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேன் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன், நல்லவேளை கேட்டேன். புட்டியை எத்தனை நாளுக்கு ஒரு தடவை கழுவ வேண்டும்? நடுவில் சில நாள் விக்டோரியாவுக்குப் போவோம், அப்போது என்ன செய்வது?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

குளிரில் வாரம் ஒரு தடவை போதும் அக்கா, வெந்நீரும் புட்டி பிரஷும் வைத்துத் துளைகளையெல்லாம் தேய்த்துவிடுங்கள், தண்ணீர் கலங்கித் தெரிந்தால் நாள் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். உறைபனி இல்லாத நாளில் நீங்கள் ஊருக்குப் போனால் அது வேறு இடம் தேடிக்கொள்ளும். உறைபனி நாட்களில் மட்டும் பக்கத்து வீட்டில் யாரிடமாவது புட்டியையும் கலவையையும் கொடுத்து, காலையில் மாட்டி இரவில் எடுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.