எஸ்.எஃப்-86 படிவம்: ஓசிஐ, ஊர் நிலம், பாட்டிக்கு அனுப்பும் பணம் எல்லாம் எழுத வேண்டுமா?

வைகைக்கரை:
அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாகச் சேர ஓசிஎஸ் என்ற அதிகாரிப் பயிற்சிப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சு. ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதியான சீக்ரெட் கிளியரன்ஸுக்காக, எஸ்.எஃப்-86 என்ற பின்னணி விசாரணைப் படிவம் நிரப்பணும். இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருக்கு. அப்பா அம்மா மதுரையில். நிலம் அப்பா பேரில். பாட்டிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். "சின்ன விஷயமெல்லாம் எழுதாதே" என்கிறார் ரெக்ரூட்டர். எதை விடலாம்?

கோட்டைமேடு:
எதையும் விடாதீங்க. கையெழுத்து உங்களுடையது, ரெக்ரூட்டருடையது இல்லை. தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறைக்கு சட்டத்தில் இடம் இருக்கு. வெளிநாட்டில் சொந்தம் இருப்பதை விளக்கிவிடலாம். மறைத்தது தெரிந்தால் நேர்மை பற்றிய கேள்வியாகிவிடும், அதிலிருந்து மீள்வது ரொம்பக் கஷ்டம்.

பெற்றோர், உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார் பகுதி 18இல் வருவார்கள், இறந்தவர்கள் உட்பட. பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் தொடர்ந்து பேசுகிறீர்கள், பணமும் அனுப்புகிறீர்கள் என்பதால் வெளிநாட்டுத் தொடர்புகளுக்கான பகுதி 19இல் எழுதணும். அனுப்பும் பணம் தனியாக 20ஏவில் வரும். பலர் தவறவிடுவது இதைத்தான். நிலத்துக்கும் அங்கேயே கேள்வி உண்டு. எப்போதாவது உங்கள் பேரில் இருந்ததா என்பதோடு, வருங்காலத்தில் சொந்தமாகும் என எதிர்பார்க்கிறீர்களா என்றும் கேட்பார்கள். பட்டா அப்பா பேரில் இருந்தாலும் நாளைக்கு உங்களுக்கு வரும் என்றால் "ஆம்"தான். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ வங்கிக் கணக்குகளும் 20ஏவில்தான். கடந்த 7 ஆண்டு வெளிநாட்டுப் பயணங்கள் 20சியில்.

ஒப்படைத்த பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் பகுதி 10இல் கேட்பார்கள். எண் நினைவில்லை என்றால் சரண்டர் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

நிலா_டெக்சஸ்:
ஓசிஐ பற்றி: இந்தியச் சட்டப்படி அது குடியுரிமை இல்லை. இரட்டைக் குடியுரிமை என்று குறிக்காமல், குறிப்புப் பெட்டியில் ஓசிஐ இருப்பதை எழுதுங்கள். ஆனால் இந்தியப் பக்கம் ஒரு விதி இருக்கு: வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ தருவதில்லை. அதனால் அதிகாரிப் பதவி நியமனம் (கமிஷன்) வாங்கும் முன்பே இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. கல்லூரி நாளில் கலிபோர்னியாவில் கஞ்சா, அப்புறம் கொஞ்ச காலம் கவுன்சலிங். இதெல்லாம்?

கோட்டைமேடு:
கஞ்சா கடந்த 7 ஆண்டுக்குள் என்றால் எழுதணும். மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம்தான் கணக்கு என்று படிவமே சொல்கிறது. எப்போது தொடங்கியது, கடைசி முறை எப்போது, எத்தனை தடவை எல்லாம் சேர்த்து எழுதுங்கள். மருத்துவப் பரிசோதனையில் ஒன்று, இங்கே வேறொன்று என்று சொன்னால் அதுவே பிடிபடும். இப்போதும் பயன்படுத்துபவருக்குக் கிளியரன்ஸ் கிடையாது.

சாதாரணக் கவுன்சலிங்கைக் கேட்பதே இல்லை. நீதிமன்ற உத்தரவு, மருத்துவமனையில் சேர்ந்தது, பைபோலார் போன்ற குறிப்பிட்ட சில நோய்கள், உங்கள் தீர்மானத்தைப் பெரிதும் பாதிக்கும் நிலை இருக்கிறதா, இவ்வளவுதான் பகுதி 21. பயந்து சிகிச்சையை நிறுத்தாதீங்க.

நிலா_டெக்சஸ்:
படிவம் திரும்பி வர முக்கியக் காரணம் இடைவெளி. 10 ஆண்டு வீட்டு முகவரியும் வேலையும் ஒரு மாதம்கூட விடுபடாமல் வரணும், வேலை இல்லாத மாதங்களும் சேர்த்து. கடைசி 3 ஆண்டு முகவரி ஒவ்வொன்றுக்கும் உங்களை அங்கே அறிந்த, சொந்தமல்லாத ஒருவர் வேண்டும். முதலில் வாடகை ஒப்பந்தம், டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளப் படிவம்) எல்லாம் எடுத்துத் தாளில் தேதிவாரியாக எழுதிவிட்டு அப்புறம் இந்தப் படிவத்தை நிரப்பும் இணையதளமான இ-ஆப்பைத் திறங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களால் இடைக்கால கிளியரன்ஸ் வராமல் போகலாம். அது இறுதி மறுப்பு ஆகாது. அனுப்பும் முன் பிரதி எடுத்து வையுங்கள், விசாரணையாளர் நேர்காணலில் அதை வைத்துத்தான் கேட்பார். விட்டுப்போனது ஏதாவது நினைவுக்கு வந்தால் அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.