புதுப்பிப்பு: லெவல்ஸ் இழையில் இரண்டு திருத்தங்கள்

மங்கலான படத்தைத் தெளிவாக்க, ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில், ஒளி அளவைச் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியின் கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை ஹிஸ்டோகிராமின் (எந்த ஒளி அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) மேடுவரை இழுக்கச் சொல்லியிருந்தேன். 'மேடுவரை' என்றது தெளிவில்லை. சிலர் மேட்டுக்குள்ளேயே தள்ளிவிட்டு, வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். வெள்ளை முக்கோணத்தை 240-இல் வைத்தால், அதற்கு மேலுள்ள அத்தனையும் 255, அதாவது முழு வெள்ளை ஆகிவிடும் (0 என்பது முழுக் கறுப்பு). 242-க்கும் 250-க்கும் இருந்த வித்தியாசம்தான் அந்த மடிப்பு. மேடு முடிந்து இரண்டு மூன்று எண் தள்ளியே நிறுத்துங்கள்.

முகம் மட்டும் இருட்டாக இருந்தால் வெள்ளையைத் தொடவே வேண்டாம். நடு முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்துங்கள், 1.00 என்பது 1.20 ஆனால் பெரும்பாலும் போதும். மிஞ்சினால் நிழல் பகுதியில் மணல் தூவியதுபோல் இரைச்சல் தெரியும்.

இன்னொன்று என் பிழையே: ஷார்ப்பன் செய்துவிட்டு, அதாவது கூர்மையாக்கிவிட்டு, படத்தின் அளவைக் குறைக்கச் சொன்னேன். தலைகீழ். சுருக்கும்போது அக்கம்பக்கப் பிக்ஸல்கள் கலந்து கூர்மை மழுங்கிவிடும். முதலில் அகலத்தை 1600 பிக்ஸலுக்குக் குறையுங்கள், பிறகு கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க்: ரேடியஸ் 1, அமவுண்ட் 0.5. விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அமவுண்டைக் குறையுங்கள். ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து திருத்திச் சேமித்தால் தரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும்.