மறுமொழி: ‘பகிர்வு’ வேண்டாம், வட்டில் ‘பாத்தி’ கட்டுவோம்

அன்பின் நண்பர்களுக்கு,

கணினி வட்டைத் தனித்தனித் துண்டுகளாக வகுக்கும் பார்ட்டிஷன் என்பதற்குத் தமிழில் ‘பகிர்வு’, ‘பிரிவு’ இரண்டில் ஒன்றை முடிவாக்கச் சொல்லியிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

மட்டக்களப்பு கல்லடியில் நான் நடத்தும் சிறிய வகுப்பில் போன சனிக்கிழமை ஒரு புதிய சேவையகத்தில் (சர்வர்) லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் காட்டினேன். குறிப்பில் ‘பகிர்வுகளை உருவாக்குக’ என்று எழுதியிருந்தேன். “யாரோடு பகிர்வது, சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் கேட்டது நியாயம். வலையமைப்பில் ஒரு கோப்புறையை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவதைப் பகிர்வு என்று நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இங்கே நடப்பதோ நேர் எதிர். ஒன்றின் இடத்தை மற்றது தின்னாமல் மறிக்கிறோம். ‘பிரிவு’ பிழையான சொல் இல்லை. ஆனால் பிரதேச செயலாளர் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று அது ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது.

நான் முன்வைப்பது ‘பாத்தி’. களுதாவளைப் பக்கம் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நிலம் ஒன்றுதான், இடையில் வரம்பு அணைத்தால் விட்ட தண்ணீர் அந்தந்தப் பாத்திக்குள் நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்குச் சேவையகம் அமைத்தபோது முழு வட்டையும் ஒரே ரூட்டாக, அதாவது எல்லா அடைவுகளும் தங்கும் அடித்தளமாக, விட்டுவிட்டேன். நடப்பதைப் பதிந்துவைக்கும் லாக் கோப்புகள் பெருகிப் பெருகி வட்டு நிரம்பியது. தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றது. லாக் சேரும் ‘வார்’ அடைவுக்குத் தனிப் பாத்தி கட்டியிருந்தால் அதுமட்டும்தான் நிரம்பியிருக்கும், ரூட் தப்பியிருக்கும். அன்றிலிருந்து வட்டைத் தொடுமுன் தாளில் கோடு போட்டுப் பார்க்காமல் நான் நிறுவுவதில்லை.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது, வினை கூடவே வருவது. ‘வட்டில் பாத்தி கட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லைக்கு வரம்பு, பார்ட்டிஷன் பட்டியலுக்குப் பாத்தி அட்டவணை, கணினி தொடங்க உதவும் ‘பூட்’ பார்ட்டிஷனுக்குத் தொடக்கப் பாத்தி, நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கு இடமாற்றுப் பாத்தி. அட்டவணையில் பழைய வகை எம்பிஆர், புதிய வகை ஜிபிடி. அவை வரும் வாக்கியத்திலும் இடறவில்லை: “எம்பிஆர் அட்டவணையில் 4 முதன்மைப் பாத்திகளுக்கே இடமுண்டு, ஜிபிடியில் வழக்கமாக 128 வரை கட்டலாம்.” பழமையும் உண்டு. குறளில் (227) ‘பாத்தூண்’ என்றால் பகுத்துண்ணும் உணவு. பாத்தியும் அதே குடும்பம் என்றே எனக்குப் படுகிறது.

‘வரவை’ என்று சொன்ன நண்பருக்கு: ஆசை எனக்கும் உண்டு. படுவான்கரையில் வரம்பு சூழ்ந்த வயல் துண்டை அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் வெளியூர்க்காரர் காதில் அது வரவு செலவு போல விழும். பாத்தி எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆகவே மனமில்லாமல்தான் வரவையை விடுகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். லினக்ஸில் வட்டு இடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் எல்விஎம் முறையில் வரும் லாஜிக்கல் வால்யூமையும் பாத்தி என்று எழுத வேண்டாம். பாத்தி ஒரே வட்டில், தொடக்கமும் முடிவும் குறித்த இடம். எல்விஎம்மில் பல வட்டுகளின் இடம் ஒரே தொகுப்பாகச் சேர்கிறது. அதிலிருந்து வேண்டிய அளவு எடுத்துக் கொடுக்கிறோம், போதாவிட்டால் சேவையகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டலாம். கூட்டுவது எளிது, குறைப்பதுதான் சிக்கல். வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறைகளில் ஒன்றான எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் குறைக்கலாம் என்று நம்பி இருக்கவே கூடாது. அதனால் முதல் நாளே முழுவதையும் கொடுத்துவிடாமல் தொகுப்பில் மிச்சம் வைக்கச் சொல்லி மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீரைத் தேக்கி அளவாகத் திறந்துவிடுவது போலத்தான் இதுவும். தொகுப்புக்குக் ‘குளம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து அளந்து விடும் பங்குக்கு, அதாவது லாஜிக்கல் வால்யூமுக்கு, எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. உங்கள் வீட்டில் வயல் செய்கிற பெரியவர்கள் இருந்தால், தங்கள் முறைக்கு வரும் தண்ணீரை என்ன சொல்லிக் கேட்பார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.