மோட்லி குரூவின் ‘டெகேட் ஆஃப் டெகேடன்ஸ்’ சிடி யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க ராக் குழுவான மோட்லி குரூ 1991-ல் வெளியிட்ட ‘டெகேட் ஆஃப் டெகேடன்ஸ்’ தொகுப்பின் அசல் சிடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விற்கும் எண்ணம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கேசட்டாக இருந்தாலும் சரி, தபால் செலவு என்னுடையது.

1998-ல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்னிடம் இருக்கிறது. ஆனால் அது வேறு, இது வேறு. ‘லைவ் வயர்’, ‘பீஸ் ஆஃப் யுவர் ஆக்‌ஷன்’ இரண்டையும் இதில் புதிதாக மிக்ஸ் செய்திருந்தார்கள். ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ பாட்டும் அப்படித்தான். டாமி லீயின் பியானோ தனியாகத் தொடங்கி, பிறகு மிக் மார்ஸின் கிட்டார் சோலோ எழும் அந்த இடத்தை 91 மிக்ஸில் நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். ‘ப்ரைமல் ஸ்க்ரீம்’ இந்தத் தொகுப்புக்காகவே வந்த புதுப் பாட்டு. அடுத்த வருடமே பாடகர் வின்ஸ் நீல் குழுவை விட்டுப் போய்விட்டார், 1997 வரை குழுவின் பழைய உறுப்பினர்கள் நால்வரும் சேர்ந்து ஆல்பம் எதுவும் போடவில்லை. அதனால்தான் எனக்கு இது இவ்வளவு முக்கியம்.

இன்னொரு உதவி: சிடி வைத்திருப்பவர்கள் பின்னட்டையையும், தட்டின் அடிப்பக்கத்தில் நடு ஓட்டையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுத்துப் போட முடியுமா? பழைய பதிப்பா, மறுபதிப்பா என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வசதியாக இருக்கும்.