இரு கையிலும் ஆயுதம்: உங்கள் மேசையில் எங்கே சிக்குகிறது?

பகடைக்காரன்:
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பில் இரண்டு கையிலும் கத்தி பிடித்த பாத்திரம் ஒன்று வந்தால் போதும், முதல் சண்டையிலேயே ஆட்டம் நின்றுவிடும். ஆடுபவர் பாட்டுக்கு நாலு முறை பகடை உருட்டுவார், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ரூல்புக்கைப் புரட்டுவார். உங்கள் மேசையில் எங்கே சிக்குகிறது, எப்படித் தீர்க்கிறீர்கள் என்று போடுங்கள். 2014 விதிப் புத்தகமா, அதைத் திருத்திய 2024 புத்தகமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி வாக்குவாதம் அதோடு அடங்கிவிடும்.

முதலில் 2014. ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்), கையில் இரண்டு ஷார்ட்ஸ்வோர்ட் (குறுவாள்). எக்ஸ்ட்ரா அட்டாக் இருக்கிறதே, வலது கைக்கு இரண்டு, இடது கைக்கு இரண்டு என்பார்கள். கிடையாது. அட்டாக் ஆக்‌ஷனில் இரண்டு, போனஸ் ஆக்‌ஷனில் ஒன்று, மொத்தம் மூன்று (போனஸ் ஆக்‌ஷன் என்பது டர்னுக்கு, அதாவது ஒருவர் முறைக்கு, ஒன்றே கிடைக்கும் சின்னச் செயல்). எக்ஸ்ட்ரா அட்டாக் கூட்டுவது அட்டாக் ஆக்‌ஷனுக்குள் இருப்பதை மட்டும்தான். அந்த மூன்றாவது அடிக்கு டேமேஜில் மாடிஃபையர் (பாத்திரத்தின் உடல்திறனுக்கான கூட்டல் எண்) சேராது (மைனஸாக இருந்தால் மட்டும் சேரும்!). டூ வெப்பன் ஃபைட்டிங் ஸ்டைல் (இரு ஆயுதச் சண்டைப் பயிற்சி) எடுத்தவருக்குச் சேரும். மேஜிக் வாளின் +1, ஹெக்ஸ் என்ற சாப மந்திரத்தின் பகடை எல்லாம் எப்போதும் போலவே சேரும். அவற்றையும் வெட்டிவிடும் டிஎம்கள் உண்டு, அது பிழை.

பழைய_தாள்:
"இடது கைதானே, குறிக்கு (அடி படுமா என்று உருட்டும் பகடைக்கு) மைனஸ் போடு" என்று யாராவது சொன்னால் அவர் மூன்றாம் பதிப்பு ஆடியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பதிப்பில் கைக்குக் கை வித்தியாசமே இல்லை. 3.5-இல் (2003) எதுவும் கற்காமல் இரண்டு ஆயுதம் எடுத்தால் முதல் கைக்கு -6, மறு கைக்கு -10. மறு கையில் லைட் (இலகு) ஆயுதம் என்றால் -4, -8. அதற்கான ஃபீட்டும் (தனியாகக் கற்கும் சிறப்புத் திறன்) இருந்து லைட்டும் இருந்தால் இரண்டுக்கும் -2. மறு கை டேமேஜில் ஸ்ட்ரெங்த் பாதிதான். இதற்கெல்லாம் மேல், ஃபுல் அட்டாக் (முழு டர்னையும் அடிப்பதற்கே செலவிடுவது) எடுத்தால்தான் இரண்டாம் கத்தி வேலை செய்யும். ஐந்தடிக்கு மேல் நகர்ந்தால் ஒரே அடிதான். அந்தப் பதிப்பில் இரு கத்திக்காரர்கள் எதிரி வரட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றதற்குக் காரணம் இதுதான்.

காட்டுவழி:
2014-இன் ஐந்தாம் லெவல் ரேஞ்சரை (காட்டு வேட்டைக்காரர்) எடுத்துக்கொள்ளுங்கள். ஹண்டர்ஸ் மார்க் (குறி வைத்த எதிரிக்கு ஒவ்வொரு அடியிலும் கூடுதல் டேமேஜ் தரும் மந்திரம்) போட ஒரு போனஸ் ஆக்‌ஷன். குறி வைத்த ஆள் செத்தால் அடுத்தவனுக்கு மாற்ற இன்னொரு போனஸ் ஆக்‌ஷன். எதிரே நான்கு ஹாப்காப்ளின், தலைக்கு 11 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). ஷார்ட்ஸ்வோர்ட் 1d6+4 (1d6 என்றால் ஆறு முகப் பகடை ஒன்று), மார்க் 1d6, ஆக ஒரு அடிக்குச் சராசரி 11. சுற்றுக்கு ஒருவன் சாய்கிறான், ஒவ்வொரு சுற்றும் மார்க்கை மாற்ற வேண்டியிருக்கிறது, இரண்டாம் கத்தி சண்டை முடியும்வரை சும்மாவே கையில் இருக்கிறது. ஆடுபவருக்கு எரிச்சல் வரும், அது நியாயமும்கூட. சின்ன எதிரிகள் கூட்டமாக வந்தால் மார்க்கை மறந்துவிட்டு மூன்று முறை அடியுங்கள். ஹெச்பி அதிகமுள்ள ஒற்றை எதிரி என்றால் முதல் சுற்றிலேயே மார்க்.

நிழலடி:
ரோக்குக்குக் கணக்கே வேறு. ஸ்னீக் அட்டாக் (ரோக் என்ற கள்வர் பாத்திரம் சேர்க்கும் கூடுதல் டேமேஜ்) ஒரு டர்னில் ஒரு முறைதான். இரண்டாம் கத்தி அதை இரட்டிப்பாக்காது. முதல் அடி தவறினால் இன்னொரு வாய்ப்புத் தரும், அவ்வளவுதான். ஆனால் அந்த வாய்ப்பின் மதிப்பைப் பாருங்கள். ஐந்தாம் லெவலில் குறிக்கு +7, ஹாப்காப்ளின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 18. ஒரு அடி பட 50%. இரண்டு அடியில் ஒன்றாவது பட 75%. ஸ்னீக் அட்டாக் 3d6, சராசரி 10.5. இதன் முன்னால் விட்டுப்போன மாடிஃபையர் ஒன்றுமே இல்லை.

அதனால் வரிசை முக்கியம். முதல் அடி பட்டுவிட்டால் போனஸ் ஆக்‌ஷனை கன்னிங் ஆக்‌ஷனுக்கு வையுங்கள், டிஸ்எங்கேஜ் செய்து (எதிரியின் அடி விழாமல்) விலகுங்கள். தவறினால் மட்டும் இரண்டாவது கத்தி. டர்ன் தொடங்கும்போதே "ரெண்டு கத்தியாலயும் அடிக்கிறேன்" என்று சொல்லி இரண்டு d20-ஐ (இருபது முகப் பகடை) ஒன்றாக உருட்டுபவர் இந்தத் தேர்வைத் தானே தூக்கிப் போட்டுவிடுகிறார்.

பகடைக்காரன்:
நிழலடி சொன்னதோடு ஒன்று: 2014-இல் இரண்டுமே லைட் ஆயுதமாக இருக்க வேண்டும். ரேப்பியர் லைட் கிடையாது. டூயல் வீல்டர் ஃபீட் இல்லாமல் ரேப்பியரும் டாக்கரும் பிடித்த ரோக்குக்குப் போனஸ் அடி இல்லை. இது ஏனோ எல்லா மேசையிலும் நழுவிவிடுகிறது.

கவச_முனி:
இனி 2024. இதில் நிக் என்கிற மாஸ்டரி (ஆயுதத்துக்கென்று கற்கும் தனித் திறன்) வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டது. டாக்கர், லைட் ஹேமர், சிக்கிள், சிமிட்டர் நான்குக்கும் நிக் உண்டு. லைட் ஆயுதத்தின் கூடுதல் அடியைப் போனஸ் ஆக்‌ஷனில் அடிக்காமல் அட்டாக் ஆக்‌ஷனுக்குள்ளேயே அடித்துவிடலாம், டர்னுக்கு ஒரு முறை. காட்டுவழி சொன்ன ரேஞ்சர் முதல் சுற்றிலேயே மார்க்கும் போட்டு மூன்று முறையும் அடிப்பார்.

இதில் வழக்கமான பிழைகள் இரண்டு. ஒன்று, மாஸ்டரி கற்றவருக்குத்தான் நிக். விசார்டு (மந்திரவாதி) கையில் இருக்கும் டாக்கர் நிக் தராது. இன்னொன்று, கூடுதல் அடியை அடிக்கும் ஆயுதத்துக்கு நிக் இருக்க வேண்டும். முதல் அடி ஷார்ட்ஸ்வோர்டால்: டேமேஜ் பட்டால் வெக்ஸ் (அந்த வாளின் மாஸ்டரி), அதே எதிரி மேல் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ் (இரண்டு d20 உருட்டி உயர்ந்ததை எடுப்பது). அதோடு சிமிட்டரை வீசுங்கள். தலைகீழாக, சிமிட்டர் முதலில், ஷார்ட்ஸ்வோர்ட் பிறகு என்றால் கூடுதல் அடி போனஸ் ஆக்‌ஷனுக்கே போய்விடும்.

இப்போது சண்டைக்குரிய சமாச்சாரம். 2024 விதியில் "மறு கையில்" என்ற நிபந்தனை இல்லை (எடுத்துக்காட்டில்தான் வருகிறது), "வேறொரு லைட் ஆயுதம்" என்றுதான் இருக்கிறது. அட்டாக் ஆக்‌ஷனின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆயுதத்தை உருவலாம் அல்லது செருகலாம். ஆகவே ஒரு கையில் கேடயம், மறு கையில் ஆயுதங்களை மாற்றி மாற்றி நிக் அடி! எழுத்துப்படி செல்லும். எல்லாச் சோடிக்கும் செல்லாது என்பதுதான் பலர் கவனிக்காதது. முதல் லெவலில் ஷார்ட்ஸ்வோர்ட், டாக்கர் சோடியைப் பாருங்கள். முதல் டர்னில் ஷார்ட்ஸ்வோர்டால் அடி, செருகு. டாக்கரை உருவு, அடி. அடுத்த டர்னில் கையில் இருப்பது டாக்கர். டர்னுக்கு ஒரு முறை கிடைக்கும் இலவச அசைவில் அதைச் செருகி, ஷார்ட்ஸ்வோர்டை உருவி அடித்தால், அந்த அடிக்கான உருவலோ செருகலோ தீர்ந்துவிட்டது. வாளைக் கீழே போட்டால் ஒழிய டாக்கருக்குக் கை இல்லை. இரண்டுமே நிக் ஆயுதமாக, டாக்கரும் சிமிட்டருமாக இருந்தால்தான் எது கையில் இருந்தாலும் அதிலேயே தொடங்கிச் சுற்றிக்கொண்டே போகலாம்.

என் தீர்ப்பு: இரண்டு ஆயுதமும் இரண்டு கையிலும் இருந்தால்தான் கூடுதல் அடி. கேடயத்தின் +2 ஏசியும் வேண்டும், மூன்றாவது அடியும் வேண்டும் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேட்ஸ்வோர்ட்காரர் (ஒரே பெரிய வாளை இரு கையாலும் பிடிப்பவர்) எதற்காக வந்தார்? ஆனால் இதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடுச்சண்டையில் சொன்னால் அடாவடி.

இருமுனை:
கவச_முனி அண்ணே, அப்போ டூயல் வீல்டர் ஃபீட்டும் சேர்த்தா அஞ்சாம் லெவல்ல நாலு அடியா? ரெடி ஆக்‌ஷன் (செயலை ஒதுக்கி வச்சுப் பிறகு செய்யறது) வச்சா அதுலயும் ரெண்டு கத்தி வருமா?

கவச_முனி:
நாலுதான் தம்பி. ஆக்‌ஷனில் இரண்டு, நிக்கில் ஒன்று, ஃபீட் தரும் போனஸ் அடி ஒன்று. அந்தச் சுற்றில் மார்க் போட்டால் மூன்று. ஒரு கண்ணி இருக்கிறது: 2014 ஃபீட்டில் இரண்டு லாங்ஸ்வோர்ட் பிடிக்கலாம், ஏசிக்கு +1 வேறு. 2024-இல் முதல் அடி லைட் ஆயுதத்தால்தான் இருக்க வேண்டும், போனஸ் அடிக்கு மட்டும்தான் லாங்ஸ்வோர்டோ ரேப்பியரோ. ஏசி +1 போய்விட்டது. பழைய கேரக்டர் ஷீட்டை அப்படியே புதிய விதிக்குக் கொண்டுவந்தால் இங்கேதான் உடையும்.

ரெடியில் வராது. ரெடி என்பது அட்டாக் ஆக்‌ஷன் அல்ல, அதனால் எக்ஸ்ட்ரா அட்டாக்கும் இல்லை, இரண்டாம் கத்தியும் இல்லை. ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கும் (விலகி ஓடும் எதிரி மேல் அடிப்பது) அப்படியே, ஒரே அடி.

பழைய_தாள்:
இவ்வளவு பாடுபட்டு லாபம் எவ்வளவு என்றும் பார்ப்போம். 2014 ஃபைட்டர், ஸ்டைலோடு, எல்லா அடியும் படுகிறது என்று வைத்து: முதல் லெவலில் மாடிஃபையர் +3, இரண்டு ஷார்ட்ஸ்வோர்ட் 13, கிரேட்ஸ்வோர்ட், அதற்குரிய ஸ்டைலோடு, ஏறத்தாழ 11.3. ஐந்தாம் லெவலில், +4, முறையே 22.5, 24.7. பதினொன்றாம் லெவலில் மாடிஃபையரை அப்படியே வைத்தாலும் 30-க்கு 37. எக்ஸ்ட்ரா அட்டாக் கூடக்கூடப் பெரிய வாள் முந்துகிறது, போனஸ் ஆக்‌ஷனும் அதற்கு மிச்சம். 2014 விதியில் இரு கத்தி தொடக்க லெவல்களின் ஆயுதம். நீண்ட கேம்பெயினுக்கு ஆள் சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

நிழலடி:
பாத்ஃபைண்டர் (இதே வகையில் வேறொரு ஆட்டம்) இரண்டாம் பதிப்பு ஆடுபவர்களுக்கு: அங்கே இரண்டு ஆயுதம் பிடித்ததற்காகக் கூடுதல் அடி எதுவும் இல்லை. ஒரே டர்னில் அடுத்தடுத்த அடிக்கு -5, -10. அஜைல் (லாகவமான) ஆயுதம் என்றால் -4, -8. அதனால் முதல் அடி கனமானதால், பிறகு அஜைல். ஃபைட்டர் முதல் லெவலிலேயே டபுள் ஸ்லைஸ் ஃபீட்டை எடுத்தால் இரண்டு ஆக்‌ஷனுக்கு இரண்டு அடி, முதல் அடியின் தண்டனை இரண்டாவதில் ஏறாது. இரண்டாவது ஆயுதம் அஜைல் இல்லையென்றால் மட்டும் அதற்கு -2. எதிரிக்கு ரெசிஸ்டன்ஸ் (டேமேஜைக் குறைக்கும் தாங்குதிறன்) இருந்தால் இரண்டு டேமேஜையும் கூட்டி ஒரே முறை கழிக்க வேண்டும். தனித்தனியாகக் கழித்துவிட்டு "இந்த ஃபீட் வேஸ்ட்" என்பவர்கள் நிறைய.