ஃபயர்ஃப்ளை முதல் எபிசோடு: மால் கழுத்தில் கிடந்த சிலுவை

கேள்வி:

‘ஃபயர்ஃப்ளை’ விண்வெளித் தொடரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். முதல் எபிசோடு என்று நான் சொல்வது இரண்டு மணி நேர ‘செரினிட்டி’யை. பின்னால் கப்பல் கேப்டனாகப் போகிற மால், போர்க்களத்தில் தன் கழுத்திலிருக்கும் சிலுவையை எடுத்து முத்தமிடுகிறான், கவனித்திருக்கிறீர்களா? பயந்து உறைந்துபோன சிப்பாயிடம், கடவுள் சாக விடாத அளவுக்கு நாம் அழகானவர்கள் என்று வேறு சொல்கிறான். ஆறு வருடம் கழித்து, சாப்பாட்டு மேசையில் பாதிரியார் புக் ஜெபம் செய்யலாமா என்று கேட்டால், சத்தமாகச் சொன்னால்தான் எனக்கு ஆட்சேபம் என்கிறான். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத் தொடர் வாய்விட்டு விளக்குவதே இல்லை. நானாகத்தான் கோத்துக்கொள்கிறேனா?

இன்னொன்று. நண்பன் ஒருவனை உட்கார வைத்துக் காட்டப் போகிறேன். யார் எவர் என்றே தெரியாத போர்க் காட்சியிலேயே அவன் எழுந்து போய்விடுவானோ என்று பயம். அடுத்த எபிசோடான ‘ட்ரெய்ன் ஜாப்’பிலிருந்து தொடங்கலாமா?

பதில் 1:

நீங்களாகக் கோக்கவில்லை, அது அங்கேதான் இருக்கிறது. வானத்தில் இரைச்சல் கேட்டதும் நம்ம தேவதைகள் வந்துவிட்டார்கள் என்கிறான் மால். வருவது எதிரியான அலையன்ஸ் அரசின் கப்பல்கள். சரணடையச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டுவிட்டது என்று கூடப் போரிடும் ஸோயி சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் அந்தச் சிப்பாய் சுடப்பட்டு விழுவதைக்கூட மால் கவனிக்கவில்லை. அந்த முகத்திலிருந்து நேரே வெட்டு: விண்வெளி உடையில், தலைகீழாக, அதே முகம். சிதைந்த கப்பலில் திருடிக்கொண்டிருக்கிறான். சுத்தமாகச் சத்தமே இல்லை. விண்வெளியில் ஒலி கிடையாது என்ற விதியை இந்தத் தொடர் முதல் எபிசோடிலேயே பிடித்துக்கொண்டது. அது அறிவியல் பிடிவாதம் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் 2:

நண்பருக்கு ‘ட்ரெய்ன் ஜாப்’ போதும் என்பேன். தொடரை ஒளிபரப்பிய ஃபாக்ஸ் சேனலும் அப்படித்தானே நினைத்தது! பைலட் (அந்த இரண்டு மணி நேர ‘செரினிட்டி’) மந்தமாக இருக்கிறது, மால் ரொம்ப இறுக்கம் என்று ஒதுக்கிவிட்டார்கள். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனும் எழுத்தாளர் டிம் மைனியரும் ஒரே வார இறுதியில் எழுதியதுதான் அந்த ரயில் கதை. 2002 செப்டம்பர் 20 அன்று அதுதான் முதலில் ஒளிபரப்பானது. அவசரத்தில் எழுதியது மாதிரியா இருக்கிறது? கப்பலில் இருக்கும் ஒன்பது பேரும் நாற்பது சொச்சம் நிமிடத்தில் அறிமுகமாகிவிடுகிறார்கள். வில்லனின் அடங்காத அடியாளை மால் எஞ்சினுக்குள் உதைத்துத் தள்ளும் இடத்தில் உங்கள் நண்பர் சிரிக்கவில்லை என்றால் வேறு தொடர் போட்டுக் கொடுங்கள்.

கேட்டவர்:

சிரிப்பான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே தொடங்கினால் டாக்டர் சைமனின் தங்கை ரிவர் பெட்டிக்குள் இருந்ததையே பார்த்திருக்க மாட்டான். நிஜப் பைலட்டை டிசம்பர் 20 அன்று, தொடரையே ரத்து செய்தபிறகு போட்டார்கள். எடுத்த 14 எபிசோடில் 11-தான் அப்போது ஒளிபரப்பாகின. ஆள் அறிமுகத்தைக் கடைசியில் போட்டால் யாருக்குத்தான் ஒட்டும்?

இந்த முறை எனக்குப் பிடித்தது பைலட்டில் மால் திருடும் அந்தச் சரக்குதான். அலையன்ஸ் முத்திரை குத்திய கட்டிகள். பளபளப்பைப் பார்த்தால் தங்கம் என்றுதான் நினைப்போம், வேலை கொடுத்த பேட்ஜர் வாங்க மறுப்பதும் அதை உறுதிப்படுத்துகிற மாதிரி இருக்கும். அடுத்து வாங்க வரும் பேஷன்ஸ் முன்னால் உறையைப் பிரித்தால் உள்ளே சாப்பாடு! ஒரு கட்டி ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் வரும். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், புக் கொடுத்த ஸ்ட்ராபெரியைக் கப்பல் மெக்கானிக் கெய்லி கண்ணை மூடிக்கொண்டு கடிப்பது வேறு மாதிரி தெரிகிறது. இந்த உலகத்தில் நல்ல பழம் எவ்வளவு அபூர்வம் என்பதை யாரும் உரை நிகழ்த்திச் சொல்லவில்லை. (கெய்லி செத்துவிட்டாள் என்று சைமனிடம் மால் புளுகுவது மட்டும் எனக்கு இன்னும் சகிக்கவில்லை. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எனக்கு வரவில்லை.)

பதில் 1:

அப்படியென்றால் பைலட்டையே போடுங்கள். அலையன்ஸின் ரகசியப் போலீஸ்காரன் டாப்ஸன் ரிவரைப் பிடித்து மிரட்ட, மால் நடையை நிறுத்தாமலே சுட்டுவிட்டுப் போகும் இடம் வரைக்கும் நண்பர் இருந்தாரானால் மிச்சத்துக்கும் இருப்பார்.

அப்புறம், கடைசியில் கப்பலின் கூலி அடியாள் ஜெய்னிடம் மால், ஏன் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்பான். காசு போதவில்லை என்பான் ஜெய்ன். போதுமானால்? அது சுவாரஸ்யமான நாளாக இருக்கும் என்பான். அந்த இடத்தில் உங்கள் நண்பர் சிரித்தால் நீங்களும் கூடச் சிரியுங்கள். பின்னால் வரும் ‘ஏரியல்’ எபிசோடு பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள்.