சோழவந்தான் வீட்டுக் குழு

சாந்தி அத்தை: ஞாயிறு பாண்டி கோவிலில் காதுகுத்து. திருமங்கலத்திலிருந்து காலை 6 மணிக்கு வேன். யார் யார் வருகிறீர்கள்?

கவிதா: நிவேதாவுக்குத் திங்கள் சமூக அறிவியல் பரீட்சை அத்தை. முதல் உலகப் போர் பாடம். பெரியப்பா, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதற்கு ஆஸ்திரியாவும் செர்பியாவும் சண்டை போட்டால் போதாதா? இங்கிலாந்து எங்கே வந்தது? இவளுக்குப் புரியவே இல்லை.

பெரியப்பா: சொல்கிறேன்மா. 1882இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஓர் அணி. எதிர்ப்பக்கம் பிரான்சும் ரஷ்யாவும் 1894இல் சேர்ந்தன. இங்கிலாந்து 1904இல் பிரான்சோடும் 1907இல் ரஷ்யாவோடும் பழைய தகராறுகளைத் தீர்த்துக்கொண்டது. ஆனால் போருக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை.

முருகன் சித்தப்பா: கருமாத்தூர்க்காரர்கள் வருகிறார்களா?

சாந்தி அத்தை: தாய்மாமன் மடி வேண்டாமா?

முருகன் சித்தப்பா: அப்போ எனக்கு இடம் போடாதே.

கார்த்தி: கிடா ஒன்றா, இரண்டா?

பெரியப்பா: கொஞ்சம் பொறுங்கள். 1914 ஜூலை 28 ஆஸ்திரியா போர் அறிவித்தது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டியது. ரஷ்யா எழுந்தால் பிரான்சும் வரும். அதனால் முதலில் பிரான்சை முடித்துவிட்டு ரஷ்யா பக்கம் திரும்புவது ஜெர்மனியின் திட்டம். அதற்குப் பெல்ஜியம் வழியாகப் போக வேண்டும். ஆகஸ்ட் 4 உள்ளே நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839இல் கையெழுத்துப் போட்டிருந்த இங்கிலாந்து அன்றே போரில் இறங்கியது.

கவிதா: இத்தாலி?

பெரியப்பா: அதைத்தான் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தும் வரவில்லை. 1915 மே மாதம் எதிரணியில் சேர்ந்து சண்டை போட்டது. ரஷ்யாவோ, செர்பியாவோடு எழுதி வைத்த கூட்டணி எதுவும் இல்லாமலே வந்தது. கூட்டணிதான் காரணம் என்று மட்டும் எழுதினால் பாதி விடை. கூட்டாளியைக் கைவிட்டால் நாளைக்குத் தனியாக நிற்போம் என்ற பயம் ஒவ்வொரு தலைநகரிலும் இருந்தது. அதையும் எழுதச் சொல்.

சாந்தி அத்தை: அண்ணே, முருகனிடம் நீங்களே பேசுங்கள்.

கார்த்தி: ஜெர்மனியின் எம்டன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டது இந்தப் போரில்தானா?

பெரியப்பா: ஆமாம்ப்பா, 1914 செப்டம்பர் 22 இரவு. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நம்மிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கடல் கடந்து அனுப்பினார்கள். 70 ஆயிரத்துக்கும் மேல் செத்துப்போனார்கள். இதைப் பிள்ளை கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவிதா: சரி பெரியப்பா, படித்துக் காட்டுகிறேன்.

முருகன் சித்தப்பா: சீட்டுப் பணம் வராமல் வண்டியில் ஏற மாட்டேன்.

பெரியப்பா: முருகா, போனை எடு.

சாந்தி அத்தை: வேனில் 14 பேர்தான். கவிதா, உன் பேரை எழுதவா?

கவிதா: அவரை மட்டும் அனுப்பலாமா என்று பார்க்கிறேன் அத்தை. ராத்திரி சொல்கிறேன்.